‘நான் நேராத்தான் நிக்கேன்!’

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தோளைக் குறுக்கி, கழுத்தை முன்னால் நீட்டியே நிற்கிறாள். சொன்னால், ‘நான் நேராத்தான் நிக்கேன்’ என்று சண்டைக்கு வருகிறாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பெரும்பாலும் தெரிந்திருக்காது. வளைந்தே நின்று பழகிய உடம்புக்கு அந்த வளைவே நேராகப் படும். அவள் தன்னை எப்படி நினைக்கிறாள் என்பதை முதலில் கேளுங்கள், அவள் நிற்பதைப் போட்டோ எடுப்பது பிறகுதான். போட்டோவைப் பார்த்துவிட்டால் அதைத்தான் ஒப்பிப்பாள்.

பக்கவாட்டில் நிற்கும் பெண் உருவத்தை ஐந்து அட்டைகளில் வரையுங்கள்: ஒன்று நேராக, மற்றவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூனி. உடல்வாகு ஐந்திலும் ஒன்றாக இருக்கட்டும். கூனியதைக் குண்டாக வரைந்தால் முதுகை விட்டுவிட்டுப் பருமனைப் பார்ப்பாள். அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். வரிசையாக வைத்தால் பிள்ளைகள் நடு அட்டையைத் தொட்டுவிட்டு நழுவுவார்கள். ‘நீ எது மாதிரி நிக்கே?’ என்று கேளுங்கள். ‘எப்படி நிக்கணும்?’ என்பதைத் தனியே, பிறகு கேளுங்கள். இரண்டையும் கலந்தால் பாடப்புத்தக விடைதான் வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டு, அதே அட்டையை எடுத்தால் பதிலை நம்பலாம்.

போட்டோவைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும்; அதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். நூல் படத்தில் விழும்படி தொங்கவிடுங்கள். செருப்பு வேண்டாம், காது தெரியக் கொண்டை போடட்டும். செல்போன் இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் உருவம் கோணும். ‘போட்டோ’ என்றதும் எந்தப் பிள்ளையும் நெஞ்சை நிமிர்த்தும். அதனால் நின்ற இடத்திலேயே பத்துத் தடவை கால் மாற்றி மிதித்துவிட்டு, எதிர்ச்சுவரைப் பார்த்து மூச்சு விட்டதும் எடுங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னாலிருந்து நூலுக்கு இணையாகக் கோடு போட்டால் காது, தோள், இடுப்பு எலும்பு அதையொட்டி வரவேண்டும்.

பிறகு கண்ணை மூடி ‘நேராக’ நிற்கச் சொல்லி மூன்று படம். மூன்றிலும் வளைந்தே நின்றால் உடம்புக்கு நேர் எதுவென்று தெரியவில்லை. பக்கவாட்டு வீடியோவைக் காட்டிப் பழக்கலாம். நிமிர்ந்து நின்றால் தெரிந்தேதான் குனிகிறாள். மேசை உயரத்தையும் பைச் சுமையையும் பாருங்கள். மார்பு வளர்வதை மறைக்கத் தோளைக் குறுக்கும் வயதும் இதுதான். அளவான உள்ளாடை வாங்கிக் கொடுங்கள், பாட்டி முன்னால் பேச்செடுக்காதீர்கள்.

கைகளைக் கூப்பிக் குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தாலோ, குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கியும் கூன் நிமிராவிட்டாலோ அது பழக்கக் கோளாறாக இருக்காது. நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் முதுகெலும்பு வளைவு வேகமாகக் கூடலாம். முழுப் பரீட்சை லீவுக்குத் தள்ளிப் போட வேண்டாம்.