பின்குறிப்பில் கிடந்த கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். திருப்பூரில் பதினோரு வருடமாகக் கணக்கு, வரி வேலை பார்த்துக் கொடுக்கிறேன். சி.ஏ. முடிக்கவில்லை, ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்திருக்கிறேன். நிட்டிங், சாயம், பிரிண்டிங், காஜா பட்டன் என்று அடுத்தவர் துணிக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப்ஒர்க் யூனிட்டுகள் சுமார் அறுபது என்னிடம் இருக்கின்றன.

ஆறு மாதம் முன்பு ஆன்லைன் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். வாரம் ஒரு நியூஸ்லெட்டர் அனுப்பினால் வருடத்துக்குள் பத்தாயிரம் பேர் சேர்வார்கள், படிக்கிறவரின் பயத்தைத் தொட்டுத் தலைப்பு வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘இந்த 3 தவறுகளைச் செய்தால் உங்கள் கம்பெனி காலி!’ என்றெல்லாம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒருவரிடம் காசு கொடுத்து 2,400 மெயில் முகவரிகள் வாங்கி அனுப்பினேன். மூன்றாவது வாரமே மெயில் அனுப்பும் நிறுவனம் என் கணக்கை முடக்கிவிட்டது. இப்போது என்னைத் தெரிந்த 212 பேர்தான் மிச்சம்.

ஆள் சேர்ப்பது எப்படி? வாங்கவைக்கும்படி எழுதுவது ஏமாற்று வேலையா? “இந்த ஊர்ல யாருங்க மெயில் பாக்கறாங்க, வாட்ஸ்அப்லயே போடுங்க” என்கிறார் மனைவி. அவர் சொல்வது சரியா? அனுப்பிய ஆறு இதழ்களையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்., திருப்பூர்

பி.கு.: இதை முந்தாநாளே அனுப்பியிருக்க வேண்டும். ஒரு சாயப்பட்டறைக்காரர் வந்துவிட்டார். ஜி.எஸ்.டி. எண் உள்ள பார்ட்டிக்குப் போட்ட பில்லை அவர் பையன் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கில், ஜி.எஸ்.டி. எண் உள்ளவர்களுக்கான பி2பி-யில் போடாமல், சில்லறை விற்பனைக்கான பி2சி-யில் ஏற்றிவிட்டான். வாங்கியவர் எந்தெந்த பில்லின் வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் பட்டியல் 2பி. பார்ட்டியின் 2பி-யில் பில் வரவில்லை என்று 46,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். அதைச் சரிசெய்வதில் இரண்டு நாள் போய்விட்டது.

*

அன்புள்ள ஆர்.,

ஆறு இதழ்களையும் படித்தேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பின்குறிப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அந்த மனிதருக்கு 46,000 வந்ததா இல்லையா? சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

உங்கள் முதல் இதழ் ‘ஜி.எஸ்.டி. உலகில் நாள்தோறும் மாற்றங்கள் நிகழ்ந்தவண்ணம் உள்ளன’ என்று ஆரம்பிக்கிறது. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பனியன் கம்பெனியைக்கூடப் பார்க்காதவர் எழுதலாம். பின்குறிப்பில் இருப்பதை உங்களால் மட்டும்தான் எழுத முடியும். அதில் அப்பா இருக்கிறார், கம்ப்யூட்டர் தெரியும் என்பதற்காக வேலையை வாங்கிக்கொண்ட பையன் இருக்கிறான், பணத்தைப் பிடித்துக்கொண்ட பார்ட்டி இருக்கிறார். தப்பு எங்கே நடந்தது என்பதும் இருக்கிறது. ஆறு மாதமாக நீங்கள் தேடிய கடிதம் இதுதான். இதை விஷயமாகவே நினைக்காததால் பின்குறிப்பில் போட்டுவிட்டீர்கள்.

தொழில் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. தினமும் பார்ப்பது சொல்லத் தக்கதாகவே தோன்றாது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் தன் அனுபவம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஷ்லிட்ஸ் என்ற மில்வாக்கி பீர் கம்பெனி அப்போது விற்பனையில் ஐந்தாம் இடத்தில் இருந்தது. எல்லா பீர் கம்பெனிகளும் ‘தூய்மையானது’ என்று விளம்பரத்தில் கத்திக்கொண்டிருந்த காலம். ஹாப்கின்ஸ் ஆலைக்கே போய்ச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள், வடிகட்டிய காற்றில், குழாய்கள் மேல் பீர் வழிந்து குளிர்கிறது. பாட்டில்களை நான்கு முறை கழுவுகிறார்கள். பக்கத்திலேயே பெரிய ஏரி இருந்தும் 4,000 அடி ஆழக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். இதையெல்லாம் ஏன் மக்களிடம் சொல்வதில்லை என்று கேட்டார். எல்லாக் கம்பெனியும் இப்படித்தானே செய்கிறது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்களாம். அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். சில மாதங்களில் ஷ்லிட்ஸ் முதலிடத்தைத் தொட்டது என்பது அவர் கணக்கு. விளம்பரக்காரர் தன்னைப் பற்றிச் சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்வேன். ஆனால் அந்த ஆலைக்காரர்களின் பதில் பொய்யாக இருக்காது. நீங்கள் பின்குறிப்பு எழுதியபோது இருந்த மனநிலையும் அதேதான்.

ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். ஆமாம், ஆகவும் ஆகும். நானே செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பயிற்சி நிறுவனத்துக்காக விற்பனை மெயில்கள் எழுதிக்கொண்டிருந்தேன். ‘இந்தக் கட்டணம் நாளை இரவோடு முடிகிறது’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன், நன்றாக விற்றது. அடுத்த வாரமும் அதே கட்டணம், அதே ‘நாளை இரவு’. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் போட்டிருந்தார்: “தம்பி, போன வார நாளை எப்போது முடிந்தது?” அவ்வளவுதான் கடிதம். அவர் முதல் வாரமே அவசர அவசரமாகப் பணம் கட்டியவர். அன்றிலிருந்து நான் போடும் கெடு நிஜக் கெடுவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. உங்கள் தொழிலில் கெடுவை அரசாங்கமே போட்டுக் கொடுக்கிறது. உங்கள் கடிதம் வந்ததும் எங்கள் தெரு ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்து தேதிகளைக் கேட்டு வந்தேன் (டீ அவர் செலவு). மாதாமாதம் தாக்கல் செய்பவர் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 போட வேண்டும். காலாண்டுக்காரர்கள் பில்லை மட்டும் 13க்குள் ஏற்றலாம். 14ஆம் தேதி வாங்குபவரின் 2பி தயாராகிறது. 20ஆம் தேதிக்குள் மாதக்காரர்கள் 3பி, அதாவது வரி கட்டும் கணக்கு, போட வேண்டும். 2022 ஜனவரி முதல், விற்றவர் ஏற்றிய பில் வாங்கியவரின் 2பி-யில் தெரிந்தால்தான் அந்த வரியை அவர் கழித்துக்கொள்ள முடியும். அப்படியானால் பார்ட்டி போனில் கத்துவது 15க்கு மேல்தான் என்று கேட்டேன். ஆடிட்டர் சிரித்தார்.

அதனால் வாரக் கடிதத்தை விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு போதும். 9ஆம் தேதி ஒரு சின்னக் கடிதம்: பில்களை ஏற்றுமுன் பி2பி, பி2சி-யைப் பிரித்துப் பார்த்தீர்களா, பார்ட்டியின் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா. 15ஆம் தேதி பெரிய கடிதம்: போன மாதம் யாருக்கு என்ன ஆனது, எப்படிச் சரிசெய்தோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பு என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். உங்கள் வாசகருக்குக் கிழமை முக்கியமில்லை, தேதிதான் முக்கியம். பயத்தை நீங்கள் உண்டாக்கவும் வேண்டாம். 15ஆம் தேதி அது தானாகவே அவர் வீட்டுக்கு வந்துவிடும். தப்பாக ஏற்றிய பில்லை, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை திருத்தலாம் என்கிறார் எங்கள் ஆடிட்டர். இது எத்தனை ஜாப்ஒர்க்காரருக்குத் தெரியும்? அந்த ஒரு வாக்கியம் பத்து ‘காலி!’க்குச் சமம்.

கேட்காத இன்னொரு யோசனை. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அமலுக்கு வந்ததே, அதைப் பற்றி ஆறு இதழிலும் ஒரு வரி இல்லை. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 15 நாளில், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் தராவிட்டால், தரும்வரை அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்றது அது. நான்கு மாதக் கடனில் சாயம் போட்டுக் கொடுக்கும் ஊரில் இதைவிடப் பெரிய செய்தி என்ன இருந்திருக்கும்? எங்கள் பார்ட்டி இதைக் கேட்டு ஆர்டரையே வேறு ஆளுக்கு மாற்றினால் என்ன செய்வது என்று யாராவது உங்களிடம் புலம்பியிருப்பார்கள். அந்தப் புலம்பலோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

தலைப்பு விஷயம். ஆங்கிலத்துக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரங்கள் தமிழில் அப்படியே வேலை செய்யாது. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செல்போன் திரை சப்ஜெக்ட் வரியைப் பாதியில் வெட்டிவிடுகிறது. ‘உங்கள் பில் பார்ட்டியின் கணக்கில் வராமல் போவதற்கான காரணங்களை அறிந்து…’ என்று நிற்கும். ஆளுக்கு ஒன்றும் புரியாது. பெயர்ச்சொல்லையும் எண்ணையும் முன்னால் தள்ளுங்கள்: ‘46,000 பிடித்தம்: ஒரு பில் தப்பான கட்டத்தில்’. வினையே இல்லை, ஆனாலும் திறப்பார்கள்.

ஒரு சில்லறை விவரம். யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் இடம், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘கொ’ என்று எழுதினாலே ஆறு பைட். ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போனால் மடலை வெட்டி, மீதியைத் தனியாகத் திறக்கச் சொல்லும். எழுத்து மட்டும் என்றால் அந்த அளவை எட்டுவது கஷ்டம். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற கலர் பெட்டி, பேனர், பட்டன் எல்லாம் சேர்ந்தால் எட்டிவிடும். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி, ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்ற இணைப்பு இருக்கும் இடம். அது கிடைக்காதவர் நேராக ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். பேனரை எடுத்துவிடுங்கள். கடிதம் கடிதம் மாதிரி இருந்தால் போதும்.

2,400 முகவரி வாங்கியதற்கு நீங்கள் ஏற்கெனவே தண்டனை அனுபவித்துவிட்டீர்கள், அதிகம் திட்டவில்லை. நிறுவனம் கணக்கை முடக்கியதில் தப்பும் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து, தினம் 5,000க்கு மேல் மடல் அனுப்புபவர்களின் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரத்துக்கு மூன்று பேர்! உங்களைப் போன்ற பல நூறு பேரின் மடல்களை ஒரே நிறுவனம் சேர்த்து அனுப்புகிறது. நீங்கள் ஒருவர் கெடுத்தால் மற்றவர்களின் மடலும் குப்பைக்குப் போகும். அப்புறம், எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற கணக்கைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, ஆள் திறக்காமலே திறந்ததாகக் காட்டும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று எண்ணுங்கள். அது பொய் சொல்லாது.

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. ஓனர் பார்ப்பது வாட்ஸ்அப். ஆனால் மெயிலைத் திறப்பது அக்கவுண்டன்ட், அல்லது அந்தப் பையன். இரண்டு பேருக்கும் எழுதுங்கள். ஓனருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரி, முழுக் கடிதம் மெயிலில். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பினால் சிக்கல் இருக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்குத்தான் போகும். சேனல் தொடங்கினால் சேர்ந்தவர்களின் போன் எண் பட்டியல் உங்கள் கைக்கு வராது. மெயில் முகவரிகள் உங்களுடையவை, நாளை வேறு நிறுவனத்துக்குப் போனாலும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.

பத்தாயிரம் பேர் எதற்கு? உங்களிடம் அறுபது யூனிட் இருக்கிறது. இன்னும் எத்தனை சேர்த்தால் தாங்குவீர்கள்? இருபது? ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் நாற்பது? அப்படியென்றால் உங்களுக்குத் தேவை ஐந்நூறு பேர், அதுவும் திருப்பூர், அவிநாசி, பல்லடத்துக்குள். அவர்களை விளம்பரம் கொண்டுவராது. 15ஆம் தேதிக் கடிதத்தை ஒரு சாயப்பட்டறைக்காரர் பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அனுப்பிவைத்தால் வருவார்கள். ‘நம்மாளுக்கு ஆன மாதிரியே இருக்குங்க’ என்று யாராவது நினைத்தால்தான் அனுப்புவார்கள். ஆளின் பெயரையும் அடையாளத்தையும் மாற்றிவிடுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டும் விடுங்கள். சின்ன ஊர்.

விற்பதைக் கடைசியில், ஒளிக்காமல், விலையோடு கேளுங்கள். ‘உங்கள் போன மாத பில்களை இப்படி ஒரு தடவை சரிபார்த்துத் தர இவ்வளவு ரூபாய், இந்த மாதம் ஐந்து பேருக்குத்தான் நேரம் இருக்கிறது’ என்று எழுதினால் போதும். ஐந்து என்பது உண்மையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். இதைப் படிக்கும் சி.ஏ. நண்பர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி சுற்றறிக்கை அனுப்பி வேலை கேட்பதே உங்களுக்குத் தொழில் ஒழுங்கு மீறல். வக்கீல்களுக்கும் இதே மாதிரித் தடை உண்டு.

என் மெயில் முகவரியை 213ஆவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ஜி.எஸ்.டி. எண் கிடையாது, உங்களுக்கு ஒரு ரூபாய்க்கும் பிரயோஜனப்படாத வாசகன். ஆனாலும் 15ஆம் தேதி காத்திருப்பேன். பையனை அப்பா திட்டினாரா, 46,000 வந்ததா?

அன்புடன்.