வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்: நூற்புழு கேள்வி பதில்

தளி: உருளையில ஒரு பக்கம் மட்டும் வட்டமா மஞ்சளாகி குட்டையா நிக்குது சார். மதியம் வாடுது, சாயங்காலம் தெளியுது. ஊட்டியில வர்ற தங்க நூற்புழுவா இது?

நூற்புழு என்பது மண்ணிலிருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய புழு. தங்க நூற்புழுவாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இலையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, வேரைத்தான் பார்க்க வேண்டும். பூவெடுக்கும் சமயத்தில் அந்த வட்டத்தின் ஓரத்துச் செடி ஒன்றைக் களைக்கொத்தால் சுற்றித் தோண்டி எடுங்கள். பிடுங்கினால் சன்ன வேர் மண்ணோடு நின்றுவிடும். பக்கெட் தண்ணீரில் அலசி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேரே வீங்கி முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. வேருக்கு வெளியே குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, விரல் பட்டால் உதிர்ந்தால்தான் தங்க நூற்புழு. முதலில் வெள்ளை, அடுத்து தங்க மஞ்சள், கடைசியில் பழுப்பு. இதன் இன்னொரு இனத்தில் அந்த மஞ்சள் வராது, வெளிர் நிறத்திலிருந்து நேராகப் பழுப்பாகிவிடும்.

அந்த உருண்டை பெண் புழுவின் உடம்பு. செத்தபின் தோல் கெட்டியாகி முட்டைக்கூடு ஆகிறது. ஒரு கூட்டில் 200 முதல் 500 முட்டை வரை இருக்கும். உருளை போடாவிட்டாலும் சில முட்டைகள் மண்ணில் 20 வருடம் தாங்கும். மண்சூடு 15 முதல் 20 டிகிரி இருந்தால் இது செழிக்கும், 25-ஐத் தாண்டினால் திணறும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வேரூன்றியதற்கு அந்தக் குளிர்ச்சிதான் காரணம். தருமபுரிச் சூட்டில் அதற்குக் கஷ்டம். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் கொஞ்சம் குளிர்ச்சி என்பதால் அங்கே கவனம் தேவை.

தேன்கனிக்கோட்டை: ஊட்டியில தெரிஞ்சவங்க விதைக்கிழங்கு தர்றேங்கறாங்க. விலையும் கம்மி. வாங்கலாமா?

வாங்காதீர்கள். உதகை அருகே 1961-ல் இந்தப் புழு கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போக 1971-லேயே தடை வந்தது. இமாச்சல், உத்தரகண்ட், ஜம்மு காஷ்மீரிலும் தென்பட்டதால் 2018-ல் அந்த விதைக்கும் தடை போட்டார்கள். கிழங்கு பார்க்கச் சுத்தமாக இருக்கும், கண்குழியில் ஒட்டிய மண்ணில் கூடு இருக்கும். கழுவினால் எல்லாம் போய்விடும் என்று நம்ப முடியாது. மலையிலிருந்து வரும் பழைய சாக்கு, கேரட் மண், வாடகை டில்லரின் சக்கரம் எல்லாமே இதைச் சுமக்கும். ஒருமுறை வந்தால் உங்கள் பிள்ளைகள் காலம் வரை போகாது.

பாலக்கோடு: தக்காளி வேர் பூரா முடிச்சு. என்ன மருந்து ஊத்தணும்?

காய்க்கிற செடியில் இப்போது ஊற்றிப் பெரிய பலன் இல்லை. அடுத்த பயிருக்கு இன்றே வேலையைத் தொடங்குங்கள். அறுவடை முடிந்ததும் வேரை உழுது மடக்காமல், தோண்டியெடுத்துக் காயவைத்து எரியுங்கள். இந்தச் சூட்டில் மாதத்துக்கு ஒரு தலைமுறை வரும், ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அந்த வேரை மடக்கி உழுதால் நிலம் முழுக்க விதைத்த மாதிரி. சித்திரை வெயிலில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று உழவு ஓட்டுங்கள்.

நடவுக்கு 15 நாள் முன்பு ஒரு டன் மக்கிய தொழுவுரத்தில் 2 கிலோ பர்புரியோசிலியம் என்ற உயிர் மருந்தைக் கலந்து, புட்டுமாவு ஈரத்தில் நிழலில் மூடிவைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். நடும்போது வேப்பம்புண்ணாக்கோடு சேர்த்துக் குழியில் போடுங்கள். பர்புரியோசிலியம் ஒரு பூஞ்சை, பக்கத்தில் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால் செத்துவிடும். பலருக்கு இது பலிக்காமல் போவது அதனால்தான். நாற்று வாங்கும்போது பத்து நாற்றின் வேரையாவது உதறிப் பாருங்கள்.

சூளகிரி: ஓரத்துல ரெண்டு வரிசை செண்டுமல்லி போட்டா நூற்புழு ஓடிடும்னு சொல்றாங்களே?

ஓடாது. செண்டுமல்லி வேருக்குள் புழு நுழைந்தால்தான் அங்குள்ள நச்சு வேலை செய்யும். இரண்டு வரிசையின் வேர் பத்தடி தள்ளியிருக்கும் தக்காளியைக் காக்காது. நிலம் முழுக்க நெருக்கமாக நட்டு, களையில்லாமல் இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். பூ விற்ற காசும் வரும்.

இராயக்கோட்டை: நீங்க சொல்றது தப்பு சார். எங்க பக்கம் ஓரத்துல போட்டவங்களுக்கு காய் நல்லா வந்திருக்கு, கண்ணால பாத்தது.

காய் நன்றாக வந்ததை நான் மறுக்கவில்லை ஐயா, காரணம் வேறு. காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி செண்டுமல்லிப் பூவில் போய் முட்டையிடும். அதற்காகத்தான் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்ற பரிந்துரையே இருக்கிறது. செண்டுமல்லி 45 நாள் நாற்று, தக்காளி 25 நாள் நாற்று, இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். அவர்களுக்குக் குறைந்தது காய்ப்புழு. அந்தத் தக்காளியில் பத்து வேரைத் தோண்டிப் பாருங்கள், முடிச்சு அப்படியே இருக்கும்.

இராயக்கோட்டை: அப்ப உருளைக்கு முன்னாடி நிலம் பூரா செண்டுமல்லி போட்டா தங்க நூற்புழு போயிடுமா?

நல்ல கேள்வி. போகாது. அதன் முட்டைகள் பெரும்பாலும் உருளை, தக்காளி, கத்தரி குடும்பத்தின் வேர்க்கசிவு பட்டால்தான் பொரியும். செண்டுமல்லிக்கு அவை எழாமல் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். அதற்கு வழி முட்டைக்கோசு, கேரட், பூண்டு, பீன்ஸ் என்று மூன்று நான்கு வருடம் மாற்றுப்பயிர். குளிர்நிலத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முட்டைதான் குறையும். நடுவில் ஒரு போகம் தக்காளி போட்டால் மறுபடி பெருகிவிடும்.

காரிமங்கலம்: தக்காளி வேர்ல முடிச்சு, மருந்து சொல்லுங்க.

பாலக்கோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கெலமங்கலம்: ஃபோரேட் குருணை பழைய ஸ்டாக் கிடைக்குது, போடலாமா?

கூடாது. அந்தக் கடும் நச்சுப் பூச்சிக்கொல்லிக்கு 2020 டிசம்பர் 31-லிருந்து தடை. உங்கள் கையும் கிணறும் முக்கியம்.

பென்னாகரம்: பீன்ஸ் வேர்லயும் முடிச்சு இருக்கு.

நகத்தால் தட்டினால் உதிர்கிறதா? பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பா? அது செடிக்குத் தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சு, விட்டுவிடுங்கள். வேரோடு சேர்ந்து வீங்கி, உதிராமல் இருந்தால்தான் நூற்புழு.

ஓசூர்: குஃப்ரி ஸ்வர்ணா ரகம் நூற்புழு தாங்குமாமே?

1985-ல் நீலகிரிக்காக வெளியிட்ட உருளை ரகம், தங்க நூற்புழுவைத் தாங்கும். அந்த எதிர்ப்பு வேர்முடிச்சுக்குச் செல்லாது. அந்த விதையைத் தேடி மலைக்குப் போகாதீர்கள், மேலே சொன்ன தடை இதற்கும்தான்.

மொரப்பூர்: மிளகாய் இலை சுருளுது. தக்காளி வேர்லயும் முடிச்சு, என்ன ஊத்தலாம்?

இலைச்சுருள் நூற்புழு அல்ல. தோட்டக்கலை உதவி அலுவலரிடம் இலையோடு போங்கள். முடிச்சுக்குப் பதில் மேலே இருக்கிறது. மருந்தின் பெயரை மட்டும் கேட்கிறவர்கள் முதலில் வேரைத் தோண்டுங்கள்.

தளி: வேரைப் பாத்தேன் சார். சன்னமா மஞ்சள் உருண்டை மாதிரி ரெண்டு மூணு ஒட்டியிருக்கு. பரிசோதனைக்கு மண் எப்படி எடுக்கறது?

அந்த வட்டத்துக்குள் டிராக்டர் விடாதீர்கள். அங்கே தோண்டிய கொத்தையும் செருப்பையும் அங்கேயே கழுவுங்கள். நடுவில் முழுக்கக் காய்ந்த இடத்தை விட்டு, ஓரத்தில் பதினைந்து இருபது இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்துக் கலந்து, கால் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி வேரும் பாலித்தீன் பையில் கட்டுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். கூடு காய்ந்தாலும் தாங்கும், ஆனால் வேர்முடிச்சையும் சேர்த்துப் பார்க்க ஈரம் வேண்டும். பயிர், தேதி, முன்பு போட்ட பயிர், விதை வந்த இடம் எழுதி வெளியே ஒட்டுங்கள். எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ கொடுக்கலாம். வெள்ளி மாலை எடுத்தால் ஞாயிறு தாண்டி பைக்குள் வெந்துபோகும், திங்கள் காலையில் எடுத்து அன்றே சேருங்கள். முடிவு வரும்வரை அந்த வயல் கிழங்கை யாருக்கும் விதைக்குக் கொடுக்காதீர்கள்.