சீனி வருத்தமும் கால் விறைப்பும்: கேள்வி பதில்

புதுக்குடியிருப்பு அக்கா: இரவில் பாதம் எரிகிறது. போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. ஏன்?

சீனி ஆண்டுக்கணக்கில் கூடி நின்றால் நரம்பு பழுதாகும், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும் பழுதாகும். நீளமான நரம்புகளுக்கு முதலில் அடி. அதனால் கால்விரலில் தொடங்கும். இரவில் கூடுவது வழமைதான். அமிற்றிப்ரிலின், கபாபென்ரின், பிரிகபலின் போன்ற மருந்துகள் எரிவைத் தணிக்கும், பழுதைத் திருத்தாது. பழுது கூடாமல் பிடித்து வைப்பது சீனிக் கட்டுப்பாடு. கிளினிக்கில் கேளுங்கள், பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் தம்பி: அப்பாவுக்கு எரிவு தானாக நின்றுவிட்டது. சுகம்தானே?

எனக்குப் பயம் தருவது இந்தக் கேள்விதான். உணர்வே செத்திருந்தாலும் எரிவு நிற்கும். கிளினிக்கில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் வெறுங்காலோடு வயலும் வேண்டாம், முற்றமும் வேண்டாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் வெயில் தாழ்ந்த பிறகு போகட்டும். சுடுமணலில் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. அம்மாள் கோபிக்கமாட்டா. தினமும் இரவில் அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் நீங்களே ரோச் அடித்துப் பாருங்கள். செருப்பில் முள் ஏறியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுங்கள். புண் கண்டால் அடுத்த கிளினிக் திகதிவரை வைத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள்.

மாங்குளம் அண்ணை: செல்லடியில் ஒரு கால் போனது. மற்றக் காலும் இப்போது விறைக்கிறது.

உங்கள் பாரம் முழுக்க அந்தக் காலில்தான் இறங்குகிறது, அண்ணை. ஆகவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பொய்க்காலைக் கழற்றியதும் வெட்டிய முனையையும் பாருங்கள். அங்கும் உணர்வு குறையலாம். சிவப்பு மாறாமல் நின்றால் பொய்க்காலைப் போடாமல், செய்து தந்த இடத்தில் காட்டுங்கள். இல்லாத காலில் எரிவு என்றால் அது வேறு கணக்கு, டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

முழங்காவில் ரீச்சர்: சீனிக்குப் போடும் மெற்போமின் குளிசையால் விறைப்பு வருமா?

நெடுநாள் எடுத்தால் விற்றமின் பி12 குறையலாம், அதுவும் விறைப்புத் தரும். சைவச் சாப்பாடு என்றால் இன்னும் கவனம். இரத்தத்தில் பார்க்கலாம், குறைந்திருந்தால் ஊசியோ குளிசையோ தருவார்கள். மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: ஒரு போத்தல் கள்ளு?

கூடிய குடியும் நரம்பைக் கெடுக்கும். விறைப்பு வந்த பிறகு வேண்டாம், விடுங்கள்.