வயிற்றில் வளர்ந்த அளவும் பிள்ளையின் அலர்ஜியும்: டாக்டர் பதில்கள்

கேள்வி: என் மகன் பிறக்கும்போது 3.8 கிலோ. இப்போது இரண்டு வயது. ஆறாம் மாதத்திலிருந்தே கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். முட்டை கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடுகிறது. "மாசமா இருக்கும்போது நீ கணக்கில்லாமல் சாப்பிட்டாய், பிள்ளை பெருத்துப் பிறந்து இப்போது அவதிப்படுகிறது" என்கிறார் என் மாமியார். அடுத்த குழந்தைக்காவது சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளவா டாக்டர்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: குறைக்கவே கூடாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரை வயிற்றுச் சாப்பாட்டில் எடை குறைந்த குழந்தையைப் பெற்றால் வரும் தொல்லைகள் கரப்பானைவிடப் பெரியவை.

எடைக்கும் அலர்ஜிக்கும் தொடர்பு இருப்பது நிஜம்தான். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், ஏற்கெனவே நடந்த 42 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் சிறுவயதில் உணவு அலர்ஜி வரும் வாய்ப்பு 44 சதவீதமும், கரப்பான் வரும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுகிறதாம். 44 என்றதும் பயந்துவிடாதீர்கள். பேச்சுக்கு, மூன்று கிலோவில் பிறந்த நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு உணவு அலர்ஜி என்று வைத்துக்கொண்டால், நான்கு கிலோவில் பிறந்த நூறு பேரில் ஏழு பேருக்கு இருக்கும். அவ்வளவுதான். மீதி 93 பெரிய குழந்தைகள் முட்டை சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருப்பார்கள்.

இன்னொன்று, பிறப்பு எடையை வைத்து அம்மா என்ன சாப்பிட்டாள் என்று கணக்குப் போட முடியாது. பெற்றோரின் உயரம், பரம்பரை, கர்ப்பகாலச் சர்க்கரை, நஞ்சுக்கொடி எப்படி வேலை செய்தது எல்லாம் அதில் சேரும். ஒரே எடையில் பிறந்த இரண்டு குழந்தைகள்கூட உள்ளே ஒரே மாதிரி வளர்ந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் 11, 19, 34-ஆம் வார ஸ்கேன் அளவுகளை எடுத்து, மூன்று வயதில் அவர்களுக்கு அலர்ஜித் தன்மை இருக்கிறதா என்று பார்த்தார்கள். 19-ஆம் வாரம் வரை வயிற்றுச் சுற்றளவு வேகமாக வளர்ந்து, அதற்குப் பிறகு அந்த வளர்ச்சி தளர்ந்துபோன குழந்தைகளிடம்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. கடைசியில் தராசு காட்டும் ஓர் எண்ணைவிட, அதுவரை வளர்ந்த விதம் அதிகம் சொல்கிறது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த விதத்தை எந்தத் தாயும் தட்டில் ஒரு கரண்டி குறைத்து மாற்றிவிட முடியாது, அதனால் இந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம்.

சரி, பையனைக் கவனிப்போம். குளித்துத் துவட்டியதும் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தாராளமாகத் தடவுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்துகொண்டு பாதியில் நிறுத்தாதீர்கள். முட்டையை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்கவே வேண்டாம், அதை அலர்ஜி டாக்டர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். முட்டை அலர்ஜி நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் சின்னதாகப் பிறந்த குழந்தைக்கு இந்தத் தொல்லையே வராதா? என் மகள் குறை மாதத்தில் 1.7 கிலோவில் பிறந்தவள், சளி பிடித்தாலே வீசிங் வருகிறதே! (வாசகர், சேலம்)

பதில்: வீசிங் கதை வேறு. நுரையீரலுக்குள் போகும் மூச்சுக்குழாய்கள் மரம் போலக் கிளைத்து முடிவது கர்ப்பத்தின் 16, 17-ஆம் வாரத்துக்குள்ளேயே. கிளைகளின் எண்ணிக்கை அப்போதே முடிவாகிவிடும், பிறகு அவை பெரிதாக மட்டுமே செய்யும். காற்றுப்பைகளோ கடைசி வாரங்களிலும் பிறந்த பிறகும்தான் பெருகும். அதனால் சீக்கிரம் பிறந்தவர்களுக்குக் குழாய் குறுகலாக இருக்கும், சாதாரணச் சளியே அதை அடைத்துவிடும், அலர்ஜியே இல்லாமலும் இழுக்கும். ஐரோப்பாவில் ஏறக்குறைய 1,47,000 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்து 2014-இல் வந்த ஆய்வும் இதையே காட்டியது: குறை மாதத்தில் பிறந்தவர்களுக்கும், முதல் வருடத்தில் மிக வேகமாக எடை கூடியவர்களுக்கும் வீசிங்கும் ஆஸ்துமாவும் அதிகம். ஆகவே சின்னதாகப் பிறந்தாள் என்று இப்போது திணித்துத் திணித்து ஊட்டாதீர்கள், டாக்டர் போடும் வளர்ச்சிக் கோட்டை ஒட்டிப் போனால் போதும். வீட்டுக்குள் சிகரெட், கொசுவர்த்திப் புகை கூடவே கூடாது. மொட்டை மாடியில் புகைத்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கும் அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஐந்து மாத கர்ப்பிணி. குழந்தைக்கு அலர்ஜி வரக்கூடாது என்று வேர்க்கடலை, முட்டை, மீனை விட்டுவிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: உங்களுக்கே அவற்றில் அலர்ஜி இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல் இப்படிச் சில கட்டுப்பாடுகளைச் சொல்லி, பலன் இருப்பதற்கு ஆதாரம் இல்லாததால் 2008-இல் கைவிட்டது. அப்புறம் 2015-இல் லண்டனில், கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் வயதுக்குள்ளேயே வேர்க்கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு ஐந்து வயதில் அந்த அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் குழந்தைக்கும் கடுமையான கரப்பான் வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கொடுக்கும்போது மையாக அரைத்து, கஞ்சியிலோ கூழிலோ கலந்து கொடுங்கள். முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஐந்து வயது வரை வேண்டாம்.