கணவனே ராஜா என்று எழுதிய மாராபெல் மார்கன், எழுதியபடிதான் வாழ்ந்தாரா?

கேள்வி: மனைவி கணவனுக்குப் பணிந்து போனால்தான் குடும்பம் நிலைக்கும் என்று 1970களில் 'த டோட்டல் வுமன்' என்ற புத்தகம் எழுதிய அமெரிக்கப் பெண்மணி மாராபெல் மார்கன், தன் வாழ்க்கையில் அதைக் கடைப்பிடித்தாரா? அந்தப் புத்தகத்தை ஏன் அத்தனை பெண்கள் வாங்கினார்கள்?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். என் கணிப்பில், தன்னால் முடிந்த மட்டும் கடைப்பிடித்தார். ஊர் ஊராகப் பெயர் பரவிய காலத்திலும் மயாமியில் கணவர் சார்லி, இரண்டு பெண் குழந்தைகள் என்று குடும்பத்தை மையமாக வைத்தே தன்னைப் பற்றிப் பேசினார். கூடவே பாடம் நடத்தினார், மேடையேறினார், தொலைக்காட்சியில் தோன்றினார், சொந்தமாகச் சம்பாதித்தார். இதை வைத்து அவரைப் போலி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

நான் இந்தப் புத்தகத்தைப் படித்தது ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில். பழைய புத்தகங்களை மலிவு விலைக்குத் தள்ளிவிடும் நூலக விற்பனை ஒன்றில் கிடைத்தது. அப்போது நான் எச்-4 வீசாவில் இருந்தேன். கணவரின் வேலை வீசாவை ஒட்டி வரும் மனைவிகளுக்கான வீசா அது. வேலை செய்ய அனுமதி இல்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண் இல்லை. கையில் இருந்த கிரெடிட் கார்டுகூட கணவர் கணக்கில் கூடுதலாகப் போட்டுக் கொடுத்ததுதான். அந்த நிலையில் படித்ததால்தான் இந்தப் புத்தகம் எனக்கு வேறு மாதிரி புரிந்தது என்று நினைக்கிறேன்.

மாராபெலும் ஓஹாயோக்காரர்தான். 1937ல் கிரெஸ்ட்லைன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அழகு நிலையத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கொலம்பஸில் உள்ள ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் படித்தார். அப்புறம் மயாமிக்குப் போனார். 1964ல் சார்லி மார்கனை மணந்தார். அவர் வக்கீல். காதலிக்கும்போது விடிய விடியப் பேசியவர்கள், கல்யாணமாகிச் சில வருடங்களில் சாப்பாட்டு மேசையில் பேச விஷயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மேசையில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். நாளை மாலை தன் தொழில் சம்பந்தப்பட்ட சிலரோடு வெளியே போகிறோம் என்று சார்லி சொல்கிறார். மாராபெல் வாயைத் திறந்து ஏதோ ஆட்சேபம் சொல்ல ஆரம்பிக்கிறார். சார்லியின் முகம் இறுகுகிறது. நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் ஏன் எதிர்த்துப் பேசுகிறாய் என்கிறார். இனிமேல் எங்காவது போவதாக இருந்தால் இருபது நிமிடம் முன்னால்தான் சொல்வேன், கிளம்ப அவ்வளவு நேரம் போதும், சண்டையும் மிச்சம் என்று தீர்ப்பு மாதிரி சொல்கிறார். இவர் மாடிக்குப் போய் அழுகிறார். அழுது முடித்து எடுக்கிற முடிவுதான் புத்தகத்தின் விதை: அவரை மாற்ற முடியாது, நான் மாறுகிறேன்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு பெண்ணின் மாலை நேரம் எப்படிப் போகும் என்பதை இருபது நிமிடம் முன்னால்தான் அவளுக்குச் சொல்வேன் என்கிறார் ஒருவர். அதில் தப்பு யார் மேல் என்ற கேள்வியே எழாமல் கதை நகர்ந்துவிடுகிறது. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

சரி, அப்புறம் என்ன செய்தார்? மனோதத்துவம், தாம்பத்தியம், பைபிள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். நச்சரிப்பை நிறுத்தினார். கணவர் வீடு திரும்பும் நேரத்துக்குக் குளித்து அலங்கரித்துக்கொண்டு வாசலில் வரவேற்றார். ஒரு நாள் இளஞ்சிவப்பு இரவு உடையும் வெள்ளை பூட்ஸும் போட்டுக்கொண்டு நின்றதாக அவரே எழுதுகிறார். சார்லி இளகினார், பேச ஆரம்பித்தார். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத புது ஃப்ரிட்ஜ் கேட்காமலேயே வந்தது. ஃப்ரிட்ஜ் வந்த கதையை அவர் சொல்வதில் இருக்கும் சந்தோஷம் உண்மையானது. எனக்கு நெஞ்சில் தைத்ததும் அதுதான். வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்றால் ஒருவரின் மனநிலை மாறும்வரை காத்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

தனக்குப் பலித்ததைத் தோழிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து, அது வகுப்பாக வளர்ந்தது. இரண்டு மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகள், கட்டணம் 15 டாலர். மயாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி வீரர்களின் மனைவிகள் சிலர் வந்து படித்தார்கள். 1972 பருவத்தில் அந்த அணி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதால் வகுப்புக்கும் நல்ல பெயர். 1973ல் ஃப்ளெமிங் ரெவெல் என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் வகுப்புப் பாடங்களை 'த டோட்டல் வுமன்' என்ற புத்தகமாக வெளியிட்டது. 1974ல் அமெரிக்காவில் அதிகம் விற்ற கதை அல்லாத புத்தகம் அதுதான். அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டு வந்த இரண்டு நிருபர்களின் புத்தகம் அதற்கு அடுத்த இடத்தில் நின்றது. மொத்தம் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். 1977 மார்ச்சில் டைம் பத்திரிகை அவரை அட்டையில் போட்டது.

உள்ளே என்ன இருக்கிறது? கணவனை உள்ளபடி ஏற்றுக்கொள், வியந்து பாராட்டு, அவன் விருப்பத்துக்கேற்ப வளைந்து கொடு, நன்றி சொல். இந்த நான்கும்தான் அடிப்படை. ஆனால் புத்தகம் இதில் தொடங்கவில்லை. வேலையைத் திட்டமிடுவதில் தொடங்குகிறது. பெத்லஹெம் ஸ்டீல் கம்பெனியின் தலைவர் சார்லஸ் ஷ்வாபுக்கு ஐவி லீ என்ற ஆலோசகர் ஒரு யோசனை சொன்ன கதை அமெரிக்க நிர்வாக உலகில் பிரபலம். நாளைக்குச் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை எழுது, முக்கியத்துவப்படி எண் போடு, முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதே. இதற்கு ஷ்வாப் 25,000 டாலருக்குக் காசோலை அனுப்பினாராம். மாராபெல் அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டு வருகிறார். காலையிலேயே இரவுச் சாப்பாட்டுக்கான வேலையை முடித்துவிடச் சொல்கிறார். மாலையில் களைத்த முகத்தோடு கணவன் எதிரில் நிற்காமல் இருப்பதற்காக.

இந்தப் பகுதியை விமர்சகர்கள் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டு வேலை என்பது நிர்வாகத் திறமை வேண்டிய உழைப்பு என்பதை அந்தப் பெண்களிடம் மதித்துப் பேசியவர் அவர். ஒரு தொழிலதிபருக்குச் சொல்லப்படும் யோசனைக்கு நீங்களும் தகுதியானவர்கள் என்றார். அதைக் கேட்க எத்தனை பேர் ஏங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏற்றுக்கொள்வதற்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறார். கணவனின் நல்ல குணங்களை ஒரு தாளிலும் குறைகளை இன்னொரு தாளிலும் எழுத வேண்டும். குறைகளை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு அந்தத் தாளைத் தூக்கி எறிய வேண்டும். அப்புறம் ராஜா ராணி. கல்யாணம் ஒரு அரசாட்சி மாதிரி, கணவன் ராஜா, மனைவி ராணி. ராணி அடிமை இல்லை, அவள் கருத்துச் சொல்லலாம், ஆனால் முடிவு ராஜாவுடையது. ராஜா தப்பான முடிவெடுத்தால்? அது கஷ்டமான விஷயம்தான், அதுவும் உன் பக்கம் நியாயம் இருக்கும்போது ரொம்பக் கஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனாலும் பின்னால் போ என்கிறார். வீட்டை அடமானம் வைக்கும் ராஜாவாக இருந்தால்? வேலையை உதறிவிட்டு ஊர் மாறும் ராஜாவாக இருந்தால்? புத்தகம் முழுக்க நம்பிக்கையோடு பேசுகிறவர் தடுமாறும் ஒரே இடம் இது. அந்தத் தடுமாற்றத்திலிருந்து அவர் மேலே யோசித்துப் போயிருந்தால் வேறொரு புத்தகம் எழுதியிருப்பார்.

ஏன் இத்தனை பேர் வாங்கினார்கள் என்பதற்கு வருகிறேன். பிற்போக்குக் காலம், மதப்பற்று என்று பலர் பதில் சொல்வார்கள். அந்த வருடங்களின் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். யார் மேலும் குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத விவாகரத்துச் சட்டம் 1970ல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. மாராபெல் வாழ்ந்த ஃபுளோரிடாவில் 1971ல் வந்தது. கெட்டுப்போன கல்யாணத்திலிருந்து வெளியேற அது பல பெண்களுக்கு வழி திறந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணவனுக்கும் அதே வழி திறந்தது. 1965க்கும் 1976க்கும் இடையில் அமெரிக்காவின் விவாகரத்து விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

கணவன் போய்விட்டால் மனைவியிடம் என்ன மிஞ்சும்? 1974 அக்டோபரில் கையெழுத்தான புதிய கடன் சட்டம் நடைமுறைக்கு வரும் வரை, கல்யாணமான பெண் கடனோ கார்டோ கேட்டால் கணவன் கையெழுத்து எங்கே என்று வங்கி கேட்கலாம். விவாகரத்தான மனைவி முன்னாள் கணவரின் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் வாங்க, அவரோடு இருபது வருடம் மணவாழ்க்கை நடத்தியிருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்தவளுக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் கிடையாது. 1977ல்தான் அதைப் பத்து வருடமாகக் குறைத்தார்கள். மனைவியைக் கணவன் பலாத்காரம் செய்வது குற்றம் என்று முதன்முதலில் நெப்ராஸ்கா மாநிலம் முழுமையாக ஏற்றது 1976ல். நடு வயதில் கைவிடப்பட்டு, சம்பாதிக்க வழி தெரியாமல் நின்ற இல்லத்தரசிகளுக்காக டிஷ் சாமர்ஸ் போன்றவர்கள் போராடித்தான் 1975ல் கலிபோர்னியாவில் தனிச் சட்டமே வந்தது.

இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண்ணின் சோறு, கூரை, முதுமை எல்லாமே ஒரு ஆணின் நல்ல மனசை நம்பி இருந்தன. அந்த நல்ல மனசை எப்படிக் காப்பாற்றி வைத்துக்கொள்வது என்று ஒருத்தி 15 டாலருக்குச் சொல்லிக்கொடுத்தால் கூட்டம் வரத்தான் செய்யும். பக்திக்காக வாங்கியவர்கள் இருந்திருப்பார்கள், ஆசைக்காக வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். பயத்தால் வாங்கியவர்கள் இவர்களையெல்லாம்விட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் குடியிருப்பில் எச்-4 பெண்கள் நாங்கள் சிலர் மதிய நேரத்தில் கூடுவோம். அதில் ஒரு தோழி, திருச்சிப் பக்கம், பொறியியல் படித்தவள். பனிக்காலத்துக்கு ஒரு நல்ல கோட் வாங்க வேண்டும். எப்போது கேட்பது என்று அவள் எங்களிடம் ஆலோசனை கேட்பாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி, மீன் குழம்பு வச்சிட்டுக் கேளுக்கா" என்று இன்னொருத்தி சொல்வாள். அந்தக் கணவர் கெட்டவர் இல்லை, கேட்டால் வாங்கித் தருபவர்தான். ஆனாலும் அவள் சமயம் பார்த்துத்தான் கேட்டாள். யாரும் அவளுக்கு மாராபெலைப் படிக்கக் கொடுக்கவில்லை. 2015ல் விதி மாறி எச்-4 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது, அவளுக்கும் கிடைத்தது. முதல் சம்பளம் வந்த பிறகு அவள் அந்த மாதிரி யோசனை கேட்டு நான் பார்க்கவில்லை. மீன் குழம்பு இன்னமும் வைக்கிறாள், கணவரோடு நன்றாகத்தான் இருக்கிறாள்.

மாராபெல் இந்த வழியில் முதல் ஆளும் இல்லை. ஹெலன் ஆண்டெலின், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண்மணி, பல் மருத்துவரின் மனைவி, எட்டுக் குழந்தைகளின் தாய், இதே மாதிரி ஒரு புத்தகத்தை 1963லேயே சொந்தமாக அச்சிட்டு விற்றார். இல்லத்தரசிகளின் பெயர் தெரியாத வெறுமையைப் பற்றி பெட்டி ஃப்ரீடன் எழுதிய பெண்ணியப் புத்தகம் வந்ததும் அதே வருடம். இருவரும் பார்த்தது ஒரே வீட்டுக்குள் புழுங்கிய பெண்ணைத்தான்.

பெண்ணியவாதிகள் பலர் மாராபெலைக் கேலிப் பொருளாக்கினார்கள். அந்த வாசல் உடைகளை வைத்துச் சிரித்தார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை, அந்தச் சிரிப்பு அவரைப் படித்த பெண்கள் மேலும் விழுந்தது. அவருடைய மதத்துக்குள்ளிருந்தே வந்த பதில்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. லீத்தா ஸ்கான்சோனியும் நான்சி ஹார்டெஸ்டியும் 1974லேயே, அதே பைபிளை வைத்துக்கொண்டு, கணவனும் மனைவியும் சமம் என்று வாதாடி எழுதினார்கள். அவர்கள் புத்தகம் மாராபெல் அளவுக்கு விற்கவில்லை.

மாராபெல் மேல் எனக்குள்ள குறை ஒன்றுதான். பேச்சு நின்றுபோன வீட்டின் வலியை அவர் சரியாகப் பார்த்தார், அதைச் சரிசெய்யும் உழைப்பு முழுவதையும் மனைவி தலையில் வைத்தார். நச்சரிக்காதே, நன்றி சொல், மதித்துப் பேசு என்பதெல்லாம் நல்ல யோசனைகள். அதே வீட்டுப்பாடத்தை சார்லிக்கும் கொடுத்திருக்கலாம்.

பிற்பாடு 1980ல் ஒரு சமையல் புத்தகம், 1985ல் இன்னொரு புத்தகம் எழுதினார். முதல் புத்தகத்தின் பரபரப்பு எதற்கும் வரவில்லை, மெல்லப் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். பழைய பிரதி கிடைத்தால் படித்துப் பாருங்கள். ராஜா ராணி வரும் பக்கங்களையும், இருபது நிமிடச் சண்டை வரும் பக்கங்களையும் மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதை வேகமாகப் புரட்டலாம்.