சோனி மறுபடியும் கையடக்க கேம் கருவி கொண்டுவந்தால் எடுபடுமா?

கேள்வி: சோனி மீண்டும் கையடக்க கேம் கருவிக்குத் திரும்பலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச், வால்வின் ஸ்டீம் டெக் என்று மற்றவர்களின் கையடக்கக் கருவிகள் எல்லாம் இருக்கும்போது அது நிலைக்குமா?

நிலைக்கும் என்றுதான் நினைக்கிறேன், வீட்டில் டிவியில் ஆடும் அதே கேம் கையிலும் ஓடினால். கையடக்கத்துக்கென்று தனியாகக் கேம் செய்யப் போனால், சோனியின் முந்தைய கையடக்கமான பிஎஸ் வீட்டாவுக்கு நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

நான் சோனியின் முதல் கையடக்கமான பிஎஸ்பி காலத்துப் பையன். 2008-இல் பிஎம்ஆர் பரீட்சை முடிந்ததும் அப்பா கோலாலம்பூர் லோயாட் பிளாசாவுக்குக் கூட்டிப்போய் ஒன்று வாங்கித் தந்தார். செந்தூலில் டியூஷன் விட்டதும், அப்பா மோட்டாரில் வரும்வரை கடை அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) உட்கார்ந்து நாங்கள் நாலு பேர் மான்ஸ்டர் ஹண்டர் ஆடுவோம். இணையமே தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் பிஎஸ்பிகள் நேரடியாக இணைந்துகொள்ளும். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை வேறு எந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. 2004 கடைசியில் ஜப்பானில் வந்த பிஎஸ்பி 75 மில்லியனுக்கு மேல் விற்றது. அதனால், சோனிக்குக் கையடக்கம் சரிப்பட்டு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்து 2011 டிசம்பரில் வந்த வீட்டாதான் விழுந்தது. கைப்பேசி வந்து கெடுத்துவிட்டது என்பார்கள். சரி, ஆனால் அதே காலத்தில் அதே கைப்பேசிகளுக்கு நடுவில் நிண்டெண்டோ 3டிஎஸ் ஏறக்குறைய 76 மில்லியன் விற்றதே! அதுவும் முதலில் தடுமாறியது. அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்தது, சில மாதங்களிலேயே 170 டாலருக்கு இறங்கியது. வீட்டா அங்கே 250 டாலருக்கு வந்தபோது, அதற்கென்றே செய்த 32 ஜிபி மெமரி கார்டுக்கு மட்டும் இன்னொரு 100 டாலர் தர வேண்டியிருந்தது. வேறு கார்டு அதில் ஏறாது. மான்ஸ்டர் ஹண்டரும் 3டிஎஸ் பக்கம் போய்விட்டது.

இதையெல்லாம்விடப் பெரிய அடி உள்ளே இருந்தே விழுந்தது. டிவியில் ஆடும் பிளேஸ்டேஷன் 3-இன் (பிஎஸ்3) கேம் வீட்டாவில் அப்படியே ஓடாது, வீட்டாவுக்கென்று தனியாகச் செய்ய வேண்டும். 2013-இல் பிஎஸ்4 வந்ததும் சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. நிண்டெண்டோவுக்கும் டிவிக்கு வீ யூ, கைக்கு 3டிஎஸ் என்று இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 2017-இல் டிவியிலும் கையிலும் ஆடக்கூடிய ஸ்விட்ச் மூலம் அதை ஒரே அடுப்பாக்கினார்கள். அதன் விற்பனை 150 மில்லியனைத் தாண்டியது.

அப்படியானால் பிஎஸ்5-ஐ அப்படியே சுருக்க முடியாதா? இங்கேதான் சிக்கல். பெரிய கேம் ஓடும்போது பிஎஸ்5 கிட்டத்தட்ட 200 வாட் இழுக்கும். ஸ்டீம் டெக்கின் சிப்புக்கு அதிகபட்சம் 15 வாட்தான். அதற்கு மேல் போனால் கை சுடும், பேட்டரி நிற்காது. ஆக, அதே கேம் குறைந்த சக்தியிலும் ஓடும்படி ஸ்டூடியோக்கள் இப்போதே பழக வேண்டும். 2025-இல் பிஎஸ்5-க்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஒரு முறையைச் சோனி கொண்டுவந்தது. அதை ஏற்கும் கேம்கள் திறனைக் குறைத்துக்கொண்டு ஓடும். கையடக்கத்துக்கான ஒத்திகை அது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

சோனியிடம் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கையடக்கம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2023-இல் வந்த அதில் கேம் ஓடாது, வேறு இடத்தில் ஓடும் கேமின் படம் மட்டும்தான் இணையம் வழியாக வந்து சேரும். தீபாவளிக்கு கேஎல் சென்ட்ரலில் இருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரம். வழியெல்லாம் இணையம் ஒரே சீராக வராது. அந்த நாலு மணி நேரத்துக்குத்தானே நமக்குக் கையடக்கமே வேண்டும்?

அறிவிப்பு வந்தால் திரை எத்தனை அங்குலம் என்பதை அப்புறம் பாருங்கள். நான் முதலில் தேடப்போவது மூன்று: ஏற்கெனவே வாங்கிய பிஎஸ்5 கேம் மறுபடி பணம் கட்டாமல் இதில் இறங்குமா, இணையம் இல்லாமல் ஓடுமா, கடையில் கிடைக்கும் சாதாரண மெமரி கார்டு ஏறுமா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் முதல் நாளே லோயாட்டில் நிற்பேன், இந்தத் தடவை அப்பாவை நான் கூட்டிப்போவேன்.