ஜாவா நிரலில் எது முதலில் ஓடும்? கேட்டவையும் பதிலும்

பாலக்கோடு: அண்ணா, பெட்டி = 5; அடுத்த வரி பெட்டி = பெட்டி++; (++ என்றால் ஒண்ணு கூட்டு) பிரிண்ட் பண்ணா 5 தான் வருது. 6 எங்கே போச்சு?

அந்த வரிக்கு பைட்கோடில் (ஜாவா மெஷின் ஓட்டும் கட்டளைகளில்) மூணே வேலை. ஐலோட் பழைய 5-ஐ ஸ்டாக்கில் (கணக்குப் போடும் தற்காலிக அடுக்கில்) ஏத்தும். ஐஇங்க் மாறியை (மதிப்பு வைக்கும் பெயர், இங்கே பெட்டி) 6 ஆக்கும். ஐஸ்டோர் ஸ்டாக்கில் இருக்கிற 5-ஐ எடுத்து 6 மேலேயே போட்டுடும். வெறும் பெட்டி++ போதும் தம்பி. ஒரே வரியில் ஒரே மாறியை ரெண்டு தடவை தொடாதீங்க. (மாறிக்குத் தமிழ்ப் பெயர் வெச்சாலும் ஜாவா ஏத்துக்கும்.)

பர்கூர்: வாங்கு() + விற்று() * எடை(): பெருக்கல்தானே முதலில் ஓடும்?

பெருக்குவது முதலில்தான், ஆனா அழைப்பு வாங்கு(), விற்று(), எடை() என்ற வரிசையில்தான். முன்னுரிமை என்பது அடைப்புக்குறி எங்கே விழும்னு மட்டும் சொல்லும். மூணுக்குள்ளும் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்க.

மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கிற நிரல் துண்டு) ஆர்க்யுமென்ட்டும் (அதுக்கு அடைப்புக்குள் கொடுக்கும் மதிப்பு) இடமிருந்து வலம். ரெண்டாவதில் எக்ஸப்ஷன் (ஓடும்போது வரும் பிழை) வந்தா மூணாவதைத் தொடவே தொடாது, மெத்தடும் ஓடாது. முதலாவது செஞ்ச வேலை மட்டும் செஞ்சபடி நிக்கும். மண்டி.சேர்(எடை()) என்பதில் மண்டி நல் (null, உள்ளே எதுவும் இல்லாதது) என்றாலும் எடை() ஓடி முடிஞ்ச பிறகுதான் நல்பாயின்டர் எக்ஸப்ஷன். எடை() டேட்டாபேஸில் எழுதியிருந்தா எழுதினது எழுதினதுதான்.

அரூர்: மெத்தடுக்குள் எண்ணை மாத்தினேன், வெளியே மாறலையே?

போவது மதிப்பின் நகல். ஆப்ஜெக்ட் என்றால் ரெஃபரன்ஸின் (அது எங்கே இருக்குன்னு காட்டும் குறிப்பின்) நகல்.

ஓசூர்: பெட்டி = பெட்டி++ அன்டிஃபைன்ட்னுதானே (என்ன வரும்னு விதியே சொல்லாதது) படிச்சோம்?

அது சி மொழிப் பாடம். ஜாவா ஸ்பெசிஃபிகேஷன் (மொழியின் விதிப் புத்தகம்) பிரிவு 15.7 இடமிருந்து வலம்னு உறுதியா சொல்லுது.

ஓசூர்: ஆனா = வலமிருந்து இடம். நாள் 1 என்றால் விலை[நாள்] = நாள் = 0; இதில் விலை[0] தானே மாறும்?

மாறாது. விலை[1] தான் 0 ஆகும். வலமிருந்து இடம் என்பது சேர்க்கிற விதம்; விலை[நாள்] = (நாள் = 0) என்று ஆகும், அவ்வளவே. இடப்பக்கத்து அரேயும் (விலை என்ற பட்டியல்) இன்டெக்ஸும் (அதில் எந்த இடம்னு சொல்லும் எண்) முதலிலேயே எடுத்தாச்சு, அப்போ நாள் 1.

ஓசூர்: ஜிட் (JIT, ஓடும்போதே வேகப்படுத்தும் கம்பைலர்) வரிசையை மாத்துமே?

உள்ளே மாத்தலாம். அந்த த்ரெட்டுக்கு (நிரலின் ஒரு ஓட்டத்துக்கு) வெளிப்படும் விளைவு மாறக்கூடாது. திரும்பவும் சொல்றேன், ஒரே வரியில் ரெண்டு தடவை தொடாதீங்க.

காவேரிப்பட்டணம்: மாங்கூழ் ஆலை பில்லுக்கு எந்த லேப்டாப் நல்லது?

கடையில் கேளுங்க.

பென்னாகரம்: ஆப்ஷனலில் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற உறையில்) மதிப்பு இருந்தும் ஆர்எல்ஸுக்குள் (orElse, மதிப்பு இல்லாட்டி இதை எடு) இருக்கிற தேடு() ஓடுதே?

அதுவும் ஆர்க்யுமென்ட்தானே, முதலில் ஓடத்தான் செய்யும். ஆர்எல்ஸ்கெட் (orElseGet) போட்டு லாம்ப்டாவா (தேவைப்பட்டா மட்டும் ஓடும் பெயரில்லாத சின்ன நிரல் துண்டா) கொடுங்க.

ஊத்தங்கரை: மெத்தடுக்குள் எண்ணை மாத்தினா...

அரூருக்குச் சொன்னதைப் படிங்க.